ஏரிக்கும் உப்பளத்துக்கும் நடுவே

படப்பை ஏரித் தண்ணீருக்கு உப்பு தெரியாது. வானம் பார்த்து நிரம்புகிற எங்கள் ஊர் ஏரி அது. எங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாமே அப்படித்தான். படப்பை, ஒரத்தூர், மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம் என்று இந்த ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. திருநீர்மலைப் பக்கம் செம்பரம்பாக்கத்து உபரியும் வந்து சேரும். பிறகு மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என்று ஊரைக் கடந்து பட்டினப்பாக்கத்தில் கடல். மொத்தமே 42 கிலோமீட்டர்தான். ஆறு என்று சொல்ல வெட்கப்படும் தூரம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் தண்ணீர், உப்பே இல்லாத நிலையிலிருந்து லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்கிற நிலைக்குப் போய்விடுகிறது.

மீனுக்குப் பிடிக்கவில்லை என்றால் திரும்பி நீந்திவிடும். நண்டு வளைக்குள் இறங்கிவிடும். கண்ணுக்கே தெரியாத, ஒரே ஒரு செல் மட்டுமே உடம்பாக உள்ள உயிர் எங்கே போகும்? அதற்குத் தோல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது, தாகம் எடுத்தால் குடிக்க வாய் கிடையாது. இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வும் தண்ணீரைத் தடுக்காது. பல வருடங்களாக என்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. விலங்கியல் படித்ததும், பிறகு அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றதும், இந்தக் கேள்வியின் பின்னால் போனதால்தான் என்று நினைக்கிறேன்.

முதல் பாடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது. சித்திரை மாதத்தில் ஆயா மாங்காயை நறுக்கிப் பீங்கான் ஜாடியில் போட்டுக் கல் உப்பைக் கைநிறைய அள்ளித் தூவும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மறுநாள் திறந்து பார்த்தால் துண்டுகள் முக்கால்வாசி நீரில் மூழ்கியிருக்கும். "இம்மாந் தண்ணி எங்கேர்ந்து ஆயா வந்துச்சு?" என்று கேட்டால், "உப்பு போட்டா காய் தண்ணி விட்டுக்கும்டா" என்று சொல்லிவிட்டு ஜாடியைக் குலுக்கி வெயிலில் வைக்கும். பள்ளிக்கூடத்தில் இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். மாங்காயின் ஒவ்வொரு செல்லிலிருந்தும் தண்ணீர் கசிந்து ஜாடிக்கு வருகிறது. அந்த ஜாடிக்குள் விழுகிற பாக்டீரியாவுக்கும் அதே கதிதான். ஊறுகாய் கெடாமல் இருப்பதும் அதனால்தான்.

ஆயாவுக்கு இன்னொன்றும் தெரியும். கோவளத்துப் பக்கமிருந்து கூடையில் கருவாடு கொண்டுவரும் அம்மாவிடம் பேரம் பேசும்போது ஒவ்வொரு கருவாட்டையும் திருப்பிப் பார்க்கும். வயிற்றுப் பக்கம் லேசாகச் செம்மை படிந்திருந்தால், "இது ஆவாது, எடுத்து வை" என்று தள்ளிவிடும். அவ்வளவு உப்பு போட்ட மீனில் எது வந்து வளர்கிறது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கான பதில் வேறோர் இடத்தில் கிடைத்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தேன். ஜார்ஜ் டவுனில் இருந்த கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. சுற்றிலும் முட்காடு, அதில் புள்ளிமான்கள். எண்பதுகளில் படப்பையிலிருந்து வந்து போவது ஒரு சிரமமும் இல்லை, காஞ்சிபுரம் பஸ் இருந்தது. ஆய்வுக்கூட வகுப்பு தொடங்கியதும் பேராசிரியர் என்னைப் பார்த்து, "படப்பைதானே நீ? வைக்கோலும் ஏரித் தண்ணியும் உன் பொறுப்பு" என்றார். எங்கள் வைக்கோல் போரிலிருந்து ஒரு பிடி உருவி, சோடா பாட்டிலில் ஏரிக்கரைத் தண்ணீரும் மொண்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொதிக்க வைத்து ஆறவிடுவார்கள். அதில் ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, வெயில் படாத மூலையில் மூடிவைப்பார்கள். சில நாளில் மேலே ஆடை கட்டும். அந்த ஆடை முழுக்க பாக்டீரியா. அதைத் தின்ன வருகிறது பரமீசியம். ஜாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கண்ணாடியோரமாக வெள்ளைத் துகள்கள் மேலும் கீழும் போவது வெறும் கண்ணுக்கே தெரியும். கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடக் குறைய நீளம். உடம்பெங்கும் குறு இழைகள், அவற்றால் துடுப்புப் போட்டு ஓடுகிற ஓட்டத்தில் நுண்ணோக்கியில் பிடிக்கவே முடியாது. பஞ்சைப் பிய்த்து இரண்டு மூன்று இழைகளை ஸ்லைடில் போட வேண்டும். அந்த இழைகளுக்கு நடுவே அது சிக்கி நிற்கும்.

நின்றதும் பார்த்தேன். செருப்பு வடிவ உடம்பில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு தெளிந்த வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றிக் கதிர்கள் விரிந்தாற்போல் மெல்லிய கால்வாய்கள். முதலில் கால்வாய்கள் பருக்கின்றன. பிறகு அவை வட்டத்துக்குள் வடிகின்றன. வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்து ஒரு நொடியில் காணாமல் போகிறது. உள்ளிருந்த தண்ணீர் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே போய்விட்டது. மறுபடி கால்வாய்கள் பருக்கின்றன. இந்தப் பக்கம் ஒன்று சுருங்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தது நிரம்பிக்கொண்டிருக்கிறது. சுருங்கு நுண்குமிழ் என்று புத்தகத்தில் படித்திருந்தோம். படத்தில் அது வெறும் வட்டம். ஸ்லைடில் அது துடித்தது. பேராசிரியர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "எண்ணு" என்றார். பத்து வினாடிக்கு ஒரு தடவைபோலச் சுருங்கியது.

ஏரித் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. பரமீசியத்தின் உள்ளே கொஞ்சம் இருக்கிறது, கடல்நீரின் செறிவில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட வராது, ஆனாலும் ஏரியைவிட அதிகம். ஆகவே தண்ணீர் இரவு பகலாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. வெளியேற்றாவிட்டால் ஊதி வெடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே தன் உடலளவுத் தண்ணீரைப் பரமீசியம் வெளியே தள்ளிவிடுகிறது. அமீபாவுக்கும் இந்தக் குமிழ் உண்டு, யூக்ளினாவுக்கும் உண்டு, ஆனால் அவற்றின் வேகம் வேறு. இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பல்லான்சானி 1776-இலேயே இந்த நட்சத்திர வடிவக் குமிழ்கள் துடிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். மூச்சு விடுகிற உறுப்பாக இருக்கும் என்று அவர் கருதினார். தண்ணீர்க் கணக்குக்கான உறுப்பு என்று தெளிவாக நூறு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. தண்ணீரை நேரடியாக இறைக்க எந்தச் செல்லுக்கும் தெரியாது என்பதுதான் இதில் அழகு. குமிழைச் சூழ்ந்த சவ்வுகளில் உள்ள புரதங்கள், செல் தன் ஆற்றலைச் செலவழித்து, அயனிகளை உள்ளே ஏற்றுகின்றன. குமிழுக்குள் உப்பு கூடுகிறது. ஆயாவின் ஜாடியில் நடந்ததுபோலத் தண்ணீர் தானாகவே உப்பைத் தேடி வருகிறது.

அடுத்து பேராசிரியர் செய்ததை நான் பிற்பாடு என் மாணவர்களுக்கும் ஒவ்வொரு வருடமும் செய்து காட்டினேன். ஸ்லைடின் ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்தார். உப்பு மெல்ல உள்ளே நகர்ந்தது. குமிழின் துடிப்பு தளர்ந்தது. நிரம்பவே நேரம் எடுத்துக்கொண்டது. வெளியே உப்பு கூடக்கூட உள்ளே வரும் தண்ணீர் குறைகிறது, வெளியேற்ற வேண்டிய வேலையும் குறைகிறது. யாரும் சொல்லாமல், மூளை இல்லாமல், நரம்பு இல்லாமல், அந்த ஒற்றைச் செல் தன் வேலையை அளந்து செய்கிறது. இன்னும் உப்பு விட்டதும் உடம்பு ஒடுங்கிச் சுருங்கியது, இழைகள் நின்றன.

அதோடு அவர் நிறுத்தவில்லை. இரண்டு கிண்ணங்களில் பரமீசியத்தை எடுத்தார். ஒன்றில் உப்பை ஒரே தடவையில் போட்டார். இன்னொன்றில் அதே அளவு உப்பைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவந்தார். முதல் கிண்ணத்தில் சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இரண்டாவதில், கடைசி நாளன்றும் பரமீசியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. குமிழ் மட்டும் மெதுவாகத் துடித்தது. உப்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், கொடுத்த அவகாசம்தான் வேறு. என் வாழ்நாள் முழுவதும் கூட வந்த பாடம் அந்த இரண்டு கிண்ணங்கள்.

எதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏரிப் பரமீசியத்தை எத்தனை நிதானமாகப் பழக்கினாலும் கடலில் வாழாது. கழிமுகத்துக்கு என்றே வேறொரு பரமீசிய இனம் இருக்கிறது, பரமீசியம் கால்கின்சி என்று பெயர். கடலில் வாழும் ஒரு செல் விலங்குகள் பலவற்றுக்குச் சுருங்கு நுண்குமிழே இல்லை. உள்ளேயும் வெளியேயும் செறிவு ஒன்றாக இருக்கும்போது இறைக்க என்ன இருக்கிறது?

பேராசிரியர் உப்பளத்துக்கு எங்களைக் கூட்டிப்போனது ஒரு கோடையில். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம். அங்கிருந்து கோவளம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். இன்றைக்கு அந்த வழியில் போகிறவர்கள் அடுக்குமாடிகளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெயிலும் வரப்பும் வெள்ளைக் குவியல்களும்தான். கழிமுகத்து நீரைப் பாய்ச்சி ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். கடல்நீர் மூன்று மூன்றரை டிகிரி இருக்கும் என்றும், இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கும் என்றும் அங்கே வேலை செய்த பெரியவர் சொன்னார். சூட்டின் டிகிரி அல்ல, பாமே என்கிற அளவுகோலில் உப்பின் செறிவு. கருவியை மிதக்கவிட்டுப் படிப்பார்கள். அவர் கருவியைத் தேடவில்லை, பாத்தியின் நிறத்தைப் பார்த்தே சொன்னார். முதல் பாத்திகள் கலங்கல் பச்சை. நடுவில் உள்ளவை மங்கிய ஆரஞ்சு. கடைசிப் பாத்திகள் கரைத்த குங்குமமாகச் சிவந்து கிடந்தன.

"எப்பலேர்ந்து ஐயா இந்தச் சிவப்பு?"

"பங்குனியிலேயே ஏற ஆரம்பிச்சிடும் தம்பி. செவந்தாத்தான் உப்பு நல்லா வுழும்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நிறம் ஏறிய நீர் வெயிலை அதிகமாக உறிஞ்சும், சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆவியாகும். சிவந்த தண்ணீரை ஒரு சொட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். முட்டை வடிவில், இரண்டு கசையிழைகள் வைத்த ஆரஞ்சு நிற செல்கள் துள்ளி ஓடின. டுனாலியெல்லா சலைனா. அடிப்படையில் இது பச்சைப்பாசிதான். 1838-இல் பிரான்சில் மான்ட்பெல்லியே பக்கத்து உப்பளங்களில் இதைப் பார்த்தவர் மிஷேல் பெலிக்ஸ் டுனால். 1905-இல் ருமேனியாவின் டியோடொரெஸ்கோ இதைத் தனிப் பேரினமாக விவரித்து, டுனாலின் பெயரையே வைத்தார். வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள பீட்டா கரோட்டினை இது சேர்த்துவைக்கிறது. கேரட்டில் உள்ள அதே பொருள். உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட அது ஏறும். உப்பளத்துக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்புக்கும், பாசி வழியாகவும் அதைத் தின்னும் உப்புநீர் இறால் வழியாகவும், இதே நிறமிதான் காரணம்.

எனக்கு நிறத்தைவிட ஆச்சரியம் இதன் உடம்பு. பாசிகளுக்குப் பொதுவாகக் கெட்டியான செல்சுவர் இருக்கும். இதற்கு அது இல்லை. வெறும் சவ்வோடு, உப்பு படிகமாகிற தண்ணீரில் நிற்கிறது. மாங்காய்த் துண்டுபோல ஏன் வற்றிப்போகவில்லை? ஏனென்றால் உள்ளே கிளிசராலைக் காய்ச்சிக்கொள்கிறது. பனிக்காலத்தில் குதிகால் வெடிப்புக்கு மெடிக்கல் கடையில் வாங்குகிறோமே கிளிசரின், அதுவேதான். வெளியே உப்பு ஏறினால், சேர்த்துவைத்த மாவுச்சத்தை உடைத்துக் கிளிசராலாக்குகிறது. உப்பு இறங்கினால் கிளிசராலைத் திரும்ப மாவுச்சத்தாக்கிவிடுகிறது. அதன் சவ்வு கிளிசராலை வெளியே கசியவிடாது, இதுவும் அபூர்வம். உப்பு மாறிய சில நிமிடங்களில் செல் ஒடுங்கும் அல்லது ஊதும். அடுத்த சில மணி நேரத்தில் கிளிசராலைக் கூட்டியோ குறைத்தோ பழைய உருவத்துக்கு வந்துவிடும். வெளியேயுள்ள உப்பை உள்ளே சேர்க்காமல், அதற்குச் சமமான இனிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இந்த வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பொங்குகிறது. அப்பம் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் உப்பு கூடினால் கிளிசராலைத்தான் நாடுகிறது.

கடைசிப் பாத்திகளின் ரத்தச் சிவப்புக்கு டுனாலியெல்லா மட்டும் காரணம் இல்லை. அங்கே உப்பையே விரும்பும் ஆர்க்கியா என்னும் ஒரு செல் உயிர்கள், ஹாலோபாக்டீரியம் போன்றவை, கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழி நேர் எதிர்வழி. கிளிசரால் செய்வதற்கெல்லாம் அவை மெனக்கெடுவதில்லை. பொட்டாசியம் உப்பை உள்ளேயே நிரப்பிக்கொள்கின்றன, ஏறக்குறைய வெளியே உள்ள செறிவுக்கு. அவ்வளவு உப்பில் வேறு உயிர்களின் புரதங்கள் திரண்டு கெட்டுப்போகும். இவற்றின் புரதங்களோ அந்த உப்பில்தான் சரியாக மடிந்து நிற்கின்றன. பலன் என்னவென்றால், நல்ல தண்ணீரில் விட்டால் இவை சிதைந்துவிடும். ஆயா தள்ளிவைத்த செங்கருவாட்டில் இருந்தவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். உப்போடு வந்து, உப்பிலேயே தங்கி, மீனில் பெருகியவை. பேராசிரியர் இதைச் சொன்ன அன்று பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே அடுப்படிக்குப் போய் ஆயாவிடம் சொன்னேன். "உப்புலயே உசுரா?" என்று நம்பாமல் கேட்டது. கல் உப்பைக் கையில் எடுத்து, இதன் நடுவே மாட்டிக்கொண்ட உப்புநீர்த் துளியிலும் அவை உயிரோடு இருக்கும் என்றேன். ஆயா உப்பு ஜாடியை எட்டிப் பார்த்தது, பிறகு குழம்புக்குப் போட வேண்டியதைப் போட்டது.

ஐப்பசி பிறந்தால் இதெல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை அந்தப் பாத்திகளின் மீது கொட்டுகிறது. காலையில் கட்டி உப்பாக இருந்த இடத்தில் மாலையில் நல்ல தண்ணீர். உப்பு ஏறுவதற்கு மாதக்கணக்கு எடுக்கிறது, இறங்குவதற்கு ஒரு மழை போதும். ஏறுகிற உப்பைச் சமாளிக்க அவகாசம் உண்டு. இறங்குகிற உப்புக்கு அது கிடையாது. உள்ளே சேர்த்துவைத்த அத்தனையும் இப்போது வினையாகிறது, தண்ணீர் உள்ளே பாய்கிறது.

இந்த ஆபத்துக்குப் பாக்டீரியாவிடம் ஒரு பதில் இருக்கிறது. நான் படித்து முடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அது வெளியே தெரிந்தது. 1987-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் போரிஸ் மார்ட்டினாக்கும் சிங் குங்கும் மற்றவர்களும், நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் சவ்வில், இழுத்தால் திறக்கும் வாயில்களைக் கண்டார்கள். செல் ஊதும்போது சவ்வு இழுபடுகிறது. இழுவை, சவ்வு கிழிகிற அளவை நெருங்கும்போது அந்தப் புரத வாயில்கள் விரிகின்றன. பெரிய வாயில் மூன்று நானோமீட்டர் அகலத்துக்குத் திறக்கும். உள்ளே உள்ள பொட்டாசியம், அமினோ அமிலம் எல்லாம், எது வேண்டும் எது வேண்டாம் என்று பாராமல், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெளியே கொட்டும். இழுவை தணிந்ததும் மூடிக்கொள்ளும். 1999-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இயன் பூத் குழு இந்த வாயில்களில் முக்கியமான இரண்டையும் நீக்கிய ஈ. கோலையை வளர்த்தது. சாதாரண நாட்களில் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. உப்புத் தண்ணீரிலிருந்து திடீரென்று நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் பெரும்பாலானவை வெடித்துச் செத்தன. சேர்த்த சொத்தை இழக்கத் தயாராக இருந்தவை மட்டும் பிழைத்தன. மழைத்துளி விழும்போதெல்லாம் மண்ணிலும் கருவேல மரத்து இலையிலும் இந்த வாயில்கள் திறந்து மூடுகின்றன என்று நினைத்துப் பார்த்தால், பருவமழை எனக்கு வேறாகத் தெரிகிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் பக்கத்து ஏரிகள் நவம்பரிலேயே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். வரதராஜபுரமும் முடிச்சூரும் மூழ்கின. முடிச்சூரில் என் அத்தை மகன் வீட்டில் சிக்கிக்கொண்டேன். வாசலில் மணல் மூட்டை போட்டு அடைத்தோம். தண்ணீர் தரையின் ஓடு இடுக்கில் ஊறி வந்தது, குளியலறைக் குழாய் வழியாக வந்தது. பக்கெட்டால் மொண்டு ஜன்னல் வழியாக ஊற்றினோம். அது வேறு வழியாக உள்ளே வந்தது. "இன்னா மாமா, எறைக்க எறைக்க வருதே" என்றான் அவன் பையன். இரவு முழுக்கக் கை ஓயாமல் இறைத்தபோது அந்தச் சுருங்கு நுண்குமிழ்தான் கண்முன் நின்றது. நாங்கள் விடியற்காலையில் கை விட்டுவிட்டு மாடிக்குப் போனோம். பரமீசியத்துக்கு மாடி கிடையாது.

அந்தத் தண்ணீர் அத்தனையும் அடையாற்று முகத்துவாரத்துக்குத்தான் போனது. அங்கே கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துக்கொள்ளும், உப்பு தேங்கும். மழைக்காலத்தில் வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு போகும். வாய் திறந்திருக்கும் நாட்களில் தினம் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். கழிமுகத்தில் வாழும் டயாட்டம் என்னும் ஒரு செல் பாசிகளும் குறு இழை உயிர்களும் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், மழை கொட்டியதும் முதலில் குளத்தின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். பாசி திடீரென்று செத்தால் தண்ணீர் வெளுக்கும், ஆக்சிஜன் குறையும், பின்னாலேயே இறால் சாகும். கண்ணுக்குத் தெரியாத உயிர் தாங்கும்வரைதான் கண்ணுக்குத் தெரிகிறதும் தாங்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் முன்னோர் ஏரிகளைப் பாசனத்துக்காகத்தான் வெட்டினார்கள். ஆனால் ஏரிக்கு ஏரி தங்கி, கலங்கல் வழிந்து, வயலில் நின்று, வடிந்து போனதால், பெய்த மழை கடலை அடைய நாளாயிற்று. கழிமுகத்து உயிர்களுக்கு, பேராசிரியரின் இரண்டாவது கிண்ணம்போல, உப்பு மெல்லத்தான் இறங்கியது. இப்போது ஏரி உள்வாயில் மனை போட்டாயிற்று, வயல் கிடங்காயிற்று, கால்வாயில் கான்கிரீட். பெய்ததெல்லாம் நேரே ஓடுகிறது. வெள்ளம் வேண்டாம் என்று வேகமாக வடியவிடத்தான் எல்லாரும் கேட்கிறோம், முடிச்சூரில் அன்றிரவு நானும் அதைத்தான் வேண்டினேன். ஆனாலும் படப்பையில் தண்ணீரைத் தங்கவைப்பது படப்பைக்கு மட்டும் செய்கிற காரியம் இல்லை. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும் பட்டினப்பாக்கத்தில் ஒரு டயாட்டம் தன் உள்ளுப்பைச் சரிசெய்துகொள்ளக் கிடைக்கும் நாள்.

இன்றைக்கு என் மகள் வீட்டுக் குழாயில் வருவது கடல் தண்ணீர். நெம்மேலியில் 2013-இல் ஒரு கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. தானாக உப்பை நோக்கிப் போக விரும்பும் தண்ணீரைப் பெரிய பம்புகளால் அழுத்திச் சவ்வின் மறுபக்கம் தள்ளுகிறார்கள். அந்த அழுத்தம், கடல்நீரின் சவ்வூடு அழுத்தமாகிய இருபத்தைந்து வளிமண்டலத்துக்கும் மேலே போக வேண்டும். எவ்வளவு மின்சாரம்! உப்போடு நடத்தும் எந்தக் கணக்குக்கும் விலை உண்டு. பரமீசியம் தன் ஆற்றலால் கொடுக்கிறது, டுனாலியெல்லா தன் மாவுச்சத்தால் கொடுக்கிறது, நாம் மின்கட்டணமாகக் கொடுக்கிறோம்.

2015 வெள்ளம் வடிந்த அடுத்த தை மாதம், அடையாற்று முகத்துவாரத்துக்குப் போனேன். சின்ன நுண்ணோக்கி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். டிசம்பரில் அங்கே மொண்டு எடுத்து வைத்த பாட்டிலில் ஏரிச் சேறும் வைக்கோல் துணுக்கும்தான் இருந்தன. தை மாதத்து ஏற்றத்தின்போது மொண்ட நீரில் டயாட்டம் சங்கிலிகள் வந்திருந்தன. ஒரு குறு இழை உயிர், பெயர் சொல்லத் தெரியும் அளவுக்கு அது நிற்கவில்லை, பஞ்சிழையில் ஒரு கணம் சிக்கியது. அதன் பின்பக்கத்தில் ஒரு குமிழ் மிக நிதானமாக நிரம்பிக்கொண்டிருந்தது. உப்பு திரும்பிவிட்டது என்பதற்கு எனக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

சித்திரையில் கேளம்பாக்கத்துக்கும் போய் வந்தேன். நாங்கள் மாணவர்களாகப் போன நாளில் நிறம் பார்த்துச் சொன்ன பெரியவர் இல்லை. அவருக்குப் பதிலாக ஓர் அக்கா வரப்பில் நின்று வாருபலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். மழையில் வரப்பெல்லாம் கரைந்துபோய் மறுபடி மிதித்துக் கட்டியதாகச் சொன்னார். "இந்த வருசம் நிறம் ஏறவே லேட்டு சார். தண்ணியெல்லாம் சப்புன்னு கெடந்துச்சு. இப்பத்தான் செவந்து வருது." கடைசிப் பாத்தியில் குனிந்து கொஞ்சம் நீரை உள்ளங்கையில் ஏந்தி எனக்குக் காட்டினார். "இன்னும் ரெண்டு நாள் வெயில் இப்படியே அடிக்கட்டும். அப்புறம் வாரிடலாம்."